சான் டியேகோவும் சான் பிரான்சிஸ்கோவும்: கட்டண வரம்பை எடுத்த ஊர், எடுக்காத ஊர்

மின்கட்டண உச்சவரம்பை எடுத்தால் என்ன ஆகும், வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரே கோடையில் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கக் கிடைத்த இடம், 2000-ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா.

1996-இல் வந்த மறுசீரமைப்புச் சட்டம், மாநிலத்தின் மூன்று பெரிய தனியார் மின் நிறுவனங்களின் சில்லறைக் கட்டணத்தையும் அப்படியே நிறுத்தி வைத்தது. பழைய முதலீட்டுச் செலவை வசூலித்து முடிக்கும் நிறுவனத்துக்கு மட்டும் பூட்டு திறக்கும். மின் நிலையங்களை விற்றுக் கணக்கை முடித்த சான் டியேகோ நிறுவனத்துக்கு 1999 ஜூலையில் திறந்தது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கு வழங்கும் பிஜி அண்ட் ஈ நிறுவனத்துக்குத் திறக்கவில்லை.

இரண்டு நிறுவனங்களும் மின்சாரம் வாங்கியது ஒரே அன்றாடச் சந்தையில். 1999-இல் அங்கே யூனிட் சுமார் 3 சென்ட். 2000 ஜூனில் 12 சென்டைத் தொட்டது, டிசம்பரில் சராசரியே 37 சென்டைத் தாண்டியது. மாதம் 500 யூனிட் ஓடும் ஒரு வீட்டுக்கு, கொள்முதல் செலவு மட்டும் 15 டாலரிலிருந்து 60 டாலர், பிறகு 185 டாலருக்கு மேல்.

சான் டியேகோவில் இந்த ஏற்றம் நேராக பில்லில் விழுந்தது. கோடைக்குள் பலருக்குத் தொகை இரட்டிப்பானது. ஆனால் சுமார் 60 நாளில் வீட்டு நுகர்வு சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. விலைக்கு மக்கள் அசைய மாட்டார்கள் என்ற வாதம் அங்கே தோற்றது. ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. பில் வருவது மாதக் கடைசியில், அதுவும் சராசரி விலையில். மாலை நாலு மணிக்கு ஏசியை அணைத்தாலும் நள்ளிரவில் அணைத்தாலும் ஒரே மிச்சம். தட்டுப்பாடு இருந்ததோ அந்த நாலு மணியில்தான். நேரவாரி மீட்டர் இல்லாமல் வரம்பை எடுத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

செப்டம்பரில் சட்டமன்றம் பணிந்தது. மின்சாரத்துக்கு மட்டும் யூனிட்டுக்கு 6.5 சென்ட் என்று ஜூன் மாதத்திலிருந்தே பின்தேதியிட்டு வரம்பு வந்தது. மீதி தள்ளுபடி ஆகவில்லை. பின்னால் வசூலிக்கத் தனிக் கணக்கில் ஏறியது.

பிஜி அண்ட் ஈ பக்கம் வாடிக்கையாளர் எதையும் உணரவில்லை, நுகர்வைக் குறைக்கக் காரணமும் இல்லை. நிறுவனமோ வீட்டுக்காரரிடம் மின்சாரத்துக்காகச் சுமார் 6 சென்ட் வாங்கி, டிசம்பரில் 37 சென்ட் கொடுத்தது. அதே 500 யூனிட் வீட்டில் ஒரு மாத நட்டம் 150 டாலருக்கு மேல். கடன் கொடுப்பார் இல்லாமல் போக, சிறு உற்பத்தியாளர்களுக்குப் பணம் நின்றது. அவர்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள். 2001 மார்ச் 19, 20 தேதிகளின் சுழற்சி மின்வெட்டுக்கு அதுவும் ஒரு காரணம். ஏப்ரல் 6-ஆம் தேதி நிறுவனம் திவால் மனு போட்டது.

என் கணக்கில் இரண்டாவது வழிதான் மோசம். சான் டியேகோ குடும்பம் அன்றைக்கே கொடுத்ததை, வடக்கே இருந்தவர்கள் தள்ளிப்போட்டுக் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2001 ஜனவரியில் மாநில அரசே மின்சாரம் வாங்க இறங்கி, 4,000 கோடி டாலருக்கு மேல் நீண்டகால ஒப்பந்தங்கள் போட்டது, அதுவும் விலை உச்சத்தில் இருந்தபோது.

ஆனால் இரண்டு ஊரிலும் நோய் ஒன்றே: கொள்முதலை அன்றாடச் சந்தையிலேயே கட்டிப்போட்டது. வறட்சியும் எரிவாயு விலையும் தொடங்கி வைத்ததை, விற்பவர்களின் தில்லுமுல்லு பெரிதாக்கியது. சொந்த நிலையங்களை விற்காமல் வைத்திருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகர மின்வாரியம் மின்வெட்டு இல்லாமல் தப்பி, உபரியை விற்கவும் செய்தது.

விலை அடங்கியது 2001 கோடையில். ஜூனில் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் மேற்கு மாநிலங்கள் முழுவதற்கும் மொத்த விலைக்குக் கட்டுப்பாடு போட்டது, நுகர்வும் குறைந்தது. சில்லறையில், மார்ச்சில் யூனிட்டுக்கு 3 சென்ட் ஏற்றியபோது, அடிப்படை அளவில் (ஒரு வீட்டின் அத்தியாவசியத் தேவைக்கென வகுத்த யூனிட் அளவு) 130 சதவீதம் வரை ஓடும் வீட்டு நுகர்வுக்கு மட்டும் விலக்கு. ஏழை வீடுகளுக்கு அது நல்ல கேடயம்தான். ஆனால் 2009-இல் சட்டம் மாறும் வரை அந்த விலக்கு அசையவில்லை. இடையில் ஏறிய செலவெல்லாம் மேல் அடுக்குகளின் தலையில் விழுந்தது.