கத்தரிக்காயா, குடமிளகாயா, சுக்கினியா? அரிசி, பிரட் இல்லாத இத்தாலியன் ஸ்டஃப்டு டின்னருக்கு எது தேறும்

லோ கார்ப்ல (அதாவது மாவுச்சத்தைக் குறைச்சு சாப்பிடுற டயட்ல) இருக்குறவங்களுக்கு இத்தாலியன் சாப்பாடுன்னாலே ஒரு எரிச்சல் வரும், பாஸ்தா கிடையாது, பீட்சா கிடையாது, ரிசோட்டோங்கிற அரிசிச் சாப்பாடு கிடையாது, அப்புறம் என்னதான்யா இருக்குன்னு. ஆனா அந்த ஊரு வீட்டுச் சமையல எடுத்துப் பாத்தா காயைக் குடைஞ்சு உள்ள எதையாவது அடைச்சு சுடுறது ஊருக்கு ஊர் இருக்கு. வடக்க ஜெனோவா பக்கம் சுக்கினி (பாக்க வெள்ளரிக்காய் மாதிரி இருக்குற பூசணி வகை), வெங்காயம், குடமிளகாய்னு எல்லாத்தையும் அடைச்சு ஒரே தட்டுல வெப்பாங்க. நேப்பிள்ஸ்ல குடமிளகாய், சிசிலி, கலாப்ரியா பக்கம் கத்தரிக்காய், ரோம்ல தக்காளி. இதுல எதை எடுத்தா ராத்திரிக்கு வயிறு நிறையும், மறுபடி பதினோரு மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டாம்ங்கிறதுதான் கேள்வி.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். இந்த டிஷ் எதையும் லோ கார்ப்னு நினைச்சு யாரும் செய்யல. கறி கொஞ்சமா இருந்த வீட்டுல அதை நாலு பேருக்குக் காணவைக்க பழைய பிரட்டை ஊறவெச்சுப் பிழிஞ்சு சேத்தாங்க, இல்லன்னா அரிசி போட்டாங்க. காஞ்ச பிரட் தூள்ல 100 கிராமுக்கு 70 கிராம் கிட்ட கார்ப், அதனால அதை எடுத்துடுறோம், சரி. ஆனா நெட்ல வர்ற பாதி ரெசிபி அதை மட்டும் எடுத்துட்டு மத்ததெல்லாம் அப்படியே செய்யச் சொல்லுது, சொதப்புறது அங்கதான். பிரட்டு சும்மா அளவைக் கூட்டுறதுக்கு மட்டும் இல்லங்க, காய் விடுற தண்ணி, கறி விடுற கொழுப்பு, சீஸ் விடுற தண்ணி எல்லாத்தையும் உறிஞ்சி உள்ளயே வெச்சுக்கிட்டது அதுதான். அதை எடுத்துட்டா அந்தத் தண்ணிக்கெல்லாம் போக்கிடம் இல்ல, தட்டுல குளம் கட்டி நிக்கும், மேல சீஸ் மிதக்கும், உள்ள இருக்குற ஸ்டஃபிங் வேக வெச்ச கைமா மாதிரி சப்புன்னு இருக்கும். அதனால நான் இந்தக் காய்களை கார்ப் கணக்குல எடை போடல, தண்ணிக் கணக்குலதான் போடுறேன்.

கார்ப் கணக்கும் வேணும்னா இந்தாங்க, 100 கிராம் பச்சைக் காய்க்கு சுக்கினி 3 கிராம் சொச்சம், தக்காளி 4 கிட்ட, பச்சை குடமிளகாய் 4.6, சிவப்பு 6, கத்தரிக்காயும் 6 கிட்டதான் ஆனா அதுல பாதி நார்ச்சத்து. வேக வெச்ச வெள்ளைச் சோறு 28. ஒரு ஆளு 200 கிராம் காய் சாப்பிட்டாலும் ஒரு காய்க்கும் இன்னொரு காய்க்கும் நடுவுல அஞ்சாறு கிராம்தான் வித்தியாசம், இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்க வேண்டாம். வெங்காயம் மட்டும் 9 தாண்டுது, அதோட பீட்மான்ட் பக்கம் வெங்காயத்துக்குள்ள அமரெட்டி பிஸ்கட்டைப் பொடிச்சு வேற போடுவாங்க, அதனால அது இந்தப் போட்டியிலயே இல்ல.

குடமிளகாய்ல ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் ஸ்டஃப்டுன்னு சொன்னதும் அதைத்தான் வாங்குறாங்க. குடையவே வேண்டாம், விதையை எடுத்தா கிண்ணம் ரெடி, பாக்கவும் அழகு, பசங்களும் சாப்பிடுவாங்க. ஆனா நட்டுக்குத்தா நிக்க வெச்சு மேல மூடியெல்லாம் போட்டு சுடுறாங்க பாருங்க, அது போட்டோவுக்குத்தான் நல்லா இருக்கும். உள்ள இருக்குற நீராவி வெளிய போக வழியில்லாம அடியில தண்ணியா எறங்கி நிக்கும், மேல வெந்திருக்கும், அடி கொழகொழன்னு இருக்கும், பக்கச் சுவர்ல பச்சை வாசம் போயிருக்காது. நீளவாக்குல ரெண்டாப் பிளந்து படுக்க வைங்க, முதல்ல காலியாவே 200 டிகிரில கால் மணி நேரம் சுட்டு, ஊறி வந்த தண்ணியைக் கவுத்துக் கொட்டிட்டு அப்புறம் அடைங்க. நேப்பிள்ஸ்காரங்க இன்னும் ஒரு படி மேல போய் நெருப்புல வாட்டி தோலை உரிச்சுட்டுத்தான் அடைப்பாங்க, உள்ள என்னன்னா பொரிச்ச கத்தரிக்காய்த் துண்டு, கறுப்பு ஆலிவ், கேப்பர்ஸ் (ஊறுகாய் மாதிரி போட்ட ஒரு பூ மொட்டு), ஆன்ச்சோவிங்கிற சின்ன மீன், பிரட். இதுல பிரட்டை எடுத்துட்டு கத்தரிக்காயைக் கொஞ்சம் கூட்டிட்டா கிட்டத்தட்ட அப்படியே லோ கார்ப். (ஆன்ச்சோவிக்குப் பதிலா நெத்திலிக் கருவாடு போடலாமான்னு கேப்பீங்க, குடும்பம் ஒண்ணுதான், ஆனா எண்ணெய்ல ஊறுன ஆன்ச்சோவி சூட்டுல கரைஞ்சே போயிடும், கருவாடு கரையாது, வாசமும் வேற. கொஞ்சம் உப்பும் கேப்பர்ஸும் கூடப் போட்டுட்டுப் போங்க.) சிவப்பா பச்சையான்னா சிவப்புதான், கார்ப் ஒண்ணரை கிராம் கூடனாலும் சுட்டா வர்ற இனிப்பு பச்சையில வராது, பச்சை கசக்கும்.

சுக்கினி. நூத்துல 95 பங்கு தண்ணி. கார்ப் லிஸ்ட்ல இது ஃபர்ஸ்ட்டு, ஆனா தண்ணி லிஸ்ட்லயும் இதுதான் ஃபர்ஸ்ட்டு. ஜெனோவா பக்கம் முழுசா உப்புத் தண்ணில கொஞ்ச நேரம் வேக வெச்சு, பிளந்து, சின்ன ஸ்பூனால நடுச் சதையை வழிச்சு, அந்தச் சதையையே வதக்கி முட்டை, பார்மஜானோ (துருவிப் போடுற கெட்டி சீஸ்), மார்ஜோரம்ங்கிற வாசனை இலை, ஊறவெச்ச காஞ்ச போர்சினி காளான் சேத்து பிரட்டோட கலந்து திரும்ப அடைப்பாங்க. கறி இருக்கணும்னு கட்டாயமே இல்ல, காயாலயே காயை அடைக்கிற ஸ்டைல். பிரட்டை எடுத்தா இதுக்குத்தான் அடி பலமா விழுது. அதனால தண்ணில வேக வெக்கிற ஸ்டெப்பைத் தூக்கிடுங்க, குடைஞ்ச படகு உள்பக்கம் உப்புத் தூவி இருபது நிமிஷம் கவுத்து வைங்க, துடைங்க, காலியா ஒரு பத்து நிமிஷம் சுடுங்க. வழிச்ச சதையை ஒரு துணில கட்டி முறுக்கிப் பிழிஞ்சா கால் டம்ளர் தண்ணி வரும், அதைக் கீழ ஊத்தாதீங்க, சாஸ்ல போகட்டும். இத்தனையும் செஞ்சாலும் சுக்கினி தின்னு வயிறு நிறைஞ்சுதுன்னு எனக்குத் தோணுனதே இல்ல, லேசான சாப்பாடு அது. ஜெனோவாலயும் இதைச் சூடு ஆறவிட்டுத்தான் பெரும்பாலும் சாப்பிடுறாங்க, ஆறுனா முட்டையும் சீஸும் இறுகி துண்டு போட வரும், நல்ல பழக்கம்தான்.

சுக்கினி கிடைக்கலன்னா பிஞ்சு சுரைக்காயை எடுங்க. சும்மா ஒப்பேத்துற ஐடியா இல்ல இது, சிசிலில குகுத்சான்னு நீளமா தொங்கும் ஒரு காய், நம்ம சுரைக்காயோட அதே இனம்தான், கொடியோட தளிர் இலையைக்கூட சூப்புல போடுவாங்க. வட்டத் துண்டா வெட்டி நடுவுல குடைஞ்சு அடைக்கலாம், முத்துனது மட்டும் வேண்டாம்.

கத்தரிக்காய்க்கு வருவோம், என் ஓட்டு இதுக்குத்தான். ஒரு வேடிக்கை, இந்தத் தட்டுல தக்காளி, குடமிளகாய், சுக்கினி மூணும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து போன வம்சம், கத்தரிக்காய் மட்டும்தான் நம்ம பக்கத்துல இருந்து அரபுக்காரங்க கையால சிசிலிக்குப் போச்சு. சரி விஷயத்துக்கு வரேன். இதுக்கு நாட்டுக் கத்தரிக்காய் சரிவராது, சுட்டு மசிச்சு செய்யுற பர்த்தாவுக்கு வாங்குற பெரிய கருஊதாக் காய் வேணும், ஒண்ணு 350, 400 கிராம் இருக்கும், தூக்கிப் பாத்தா கனமா இருக்கணும், தோல் இறுக்கமா இருக்கணும். காம்பை எடுக்காம நீளவாக்குல பிளந்து, வெட்டுன பக்கம் கத்தி நுனியால கட்டம் கட்டமா கீறுங்க, தோலைத் தொடக் கூடாது. உப்புத் தூவி அரை மணி நேரம் விட்டா கீறல்ல எல்லாம் முத்து முத்தா பழுப்புத் தண்ணி நிக்கும், துணியால ஒத்தி எடுத்துட்டு பாதிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆலிவ் ஆயில் தடவி, வெட்டுன முகம் கீழ இருக்குற மாதிரி கவுத்து 200 டிகிரில அரை மணி நேரம். தோல் சுருங்கி, விரலால அமுக்கினா உள்ள போகணும், அதுதான் பதம். அரை சென்டிமீட்டர் சுவர் விட்டு மிச்சத்தை வழிச்சு, வடிகட்டில போட்டு கரண்டியால அமுக்கி, கொத்தி, பூண்டு போட்டு வாணலில கிளறிக்கிட்டே இருங்க. முதல்ல சொதசொதன்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல கரண்டியோட சேந்து உருண்டு வர ஆரம்பிக்கும், அப்போ நிறுத்துங்க. பிரட்டு பாத்த வேலையை இனிமே இந்தச் சதைதான் பாக்கும். கறியைச் சேத்துப் பிடிக்கும், கொழுப்பை உறிஞ்சும், அளவையும் கூட்டும். இந்தப் போட்டியில வேற எந்தக் காயோட சதைக்கும் இந்தக் குணம் கிடையாது, சுக்கினிச் சதை எத்தனை வதக்குனாலும் தனித்தனியாத்தான் நிக்கும், குடமிளகாய்ல சதையே இல்ல.

குறைன்னு பாத்தா எண்ணெய் குடிக்கும். கலாப்ரியா பக்கம் பாதிகளை உப்புத் தண்ணில வேக வெச்சு எடுக்குற வழியும் இருக்கு, எண்ணெய் மிச்சம்தான், ஆனா நாமளே தண்ணியை விரட்டிட்டு இருக்கோம், மறுபடி தண்ணிக்குள்ள முக்கவா? ஓவன் போதும். நேரம்தான் பிடிக்கும், மொத்தம் ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும், ஆபீஸ் முடிச்சு எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்றவங்க காயை மட்டும் முந்தின நாளே சுட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கணும்.

தக்காளியை ஒரே வார்த்தையில முடிச்சுடலாம், வேண்டாம். ரோம்ல அதுக்குள்ள பச்சரிசியைத் தக்காளிச் சாறோடயே ஊறவெச்சு அடைச்சு, சுத்தி உருளைக்கிழங்கு போட்டு சுடுவாங்க, அரிசி அந்தச் சாறுலயே வேகும், அதுதான் அந்த டிஷ்ஷே. அரிசியை எடுத்தா அங்க ஒண்ணுமே மிச்சம் இல்ல. தக்காளிதான் வேணும்னு அடம்பிடிச்சா சுடாம, பச்சையாவே குடைஞ்சு டூனா, கேப்பர்ஸ், மயோனீஸ் கலந்து அடைச்சு ஜில்லுனு சாப்பிடுங்க, இத்தாலில வெயில் காலத்துக்கு அதுவும் இருக்கு. மஷ்ரூம் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஸ்டார்ட்டர் சைஸ், டின்னர்னு சொல்ல முடியாது. லொம்பார்டி பக்கம் சுருக்கம் சுருக்கமா இலை இருக்குற முட்டைகோஸ்ல கறியை வெச்சு சுருட்டுவாங்க, அது வயிறு நிறைக்கும், வேலையும் அதே அளவுக்கு வாங்கும்.

ஸ்டஃபிங்லயும் இதே தண்ணிச் சண்டைதான். ஆளுக்கு 125 கிராம் கைமா, மாடோ பன்றியோ ரெண்டும் கலந்தோ அங்க போடுறாங்க, ஆட்டுக்கறியிலயும் நல்லா வரும், சிக்கன் கைமா மட்டும் வறண்டுடும், அதுக்கு ஆலிவ் ஆயில் கூட ஊத்தணும். அகலமான சட்டியில கைமாவைப் போட்டு விட்டுடுங்க, முதல்ல தண்ணி விட்டு கொதிக்கிற சத்தம் வரும், தண்ணி வத்தினதும் சத்தம் மாறி சடசடன்னு பொரியும், அந்தச் சத்தம் வந்த அப்புறம்தான் பூண்டும் தக்காளி பேஸ்ட்டும் போடணும். நறுக்குன தக்காளி போட்டா பழைய கதைதான். ஆறவிட்டு கத்தரிக்காய்ச் சதை, ரெண்டு கை துருவின பார்மஜானோ இல்ல பெகொரினோ (செம்மறியாட்டுப் பால் சீஸ்), பேசில் இலை, நாலு பாதிக்கு ஒரு முட்டை. கத்தரிக்காய் இல்லாத ஸ்டஃபிங்னா ஒரு பிடி வால்நட்டைக் கொரகொரன்னு பொடிச்சுப் போடுங்க, பாதாம் பொடியும் ஓகே, ஆனா வாயில மாவு மாதிரி நிக்குது, எனக்குப் பிடிக்கல.

சைவமா செய்யுறவங்களுக்கு ரிகோட்டாவா (இத்தாலிக்காரங்களோட மெத்து மெத்துன்னு இருக்குற சீஸ்) பனீரா? இந்த ஒரு இடத்துல பனீர் பக்கம்தான் நான். ரிகோட்டா ஓவன்ல தண்ணி விடும், ராத்திரி முழுக்க வடிகட்டில வெச்சு வடிய விடணும். உதிர்த்த பனீர் அப்படி விடாது, கூட சீஸும், முட்டை சாப்பிடுறவங்கன்னா முட்டையும் சேத்தா பிடிச்சுக்கும். ஒரிஜினல் பார்மஜானோல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற, பாலைத் திரிய வெக்கிற ரென்னட் இருக்கு, சுத்த சைவம்னா லேபிள் பாத்து வேற கெட்டி சீஸ் வாங்கிக்கங்க. மேல போடுற மொஸரெல்லாவும் தண்ணில மிதக்குற உருண்டை வேண்டாம், கட்டியா வர்றதை வாங்கி வீட்டுல துருவுங்க, துருவியே வர்ற பாக்கெட்ல ஒட்டாம இருக்க ஸ்டார்ச் கலந்திருப்பாங்க.

ஆக, சனி ஞாயிறு, வயிறு நிறையணும், விருந்தாளி வர்றாங்க: கத்தரிக்காய். பசங்களோட சாப்பாடு, நேரம் ஒரு மணி நேரத்துக்குள்ள: சிவப்பு குடமிளகாய், பிளந்து படுக்க வெச்சு. மத்தியானமே கனமா சாப்பிட்டாச்சு, ராத்திரி லேசா போதும்: சுக்கினி. ஓவன் இல்லாத வீட்டுல சுக்கினிதான் கை கொடுக்கும், இத்தாலிலயே தக்காளி சாஸ்ல போட்டு மூடி வெச்சு அடுப்புல வேக வெக்கிறது உண்டு, தண்ணி விட்டாலும் சாஸ்ல போய்ச் சேந்துடும், கடைசில மூடியைத் திறந்து பெரிய தீயில அஞ்சு நிமிஷம் வத்த விட்டா போதும். பாட்டில் சாஸ்னா பின்னாடி சர்க்கரை எவ்வளவுன்னு பாத்து வாங்குங்க. எதைச் செஞ்சாலும் அடைச்ச அப்புறம் 190 டிகிரில இருபது, இருபத்தஞ்சு நிமிஷம், எடுத்ததும் கத்தியை வெக்காம பத்து நிமிஷம் தட்டுலயே விடுங்க, மிச்சம் மீதி ஊறுறதை ஸ்டஃபிங்கே திரும்ப இழுத்துக்கும்.