சாரத்துக்குக் காசு வாங்கினார், சாரம் கட்டவில்லை

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில், சங்கக் கட்டடம், கடை என்று எதற்காவது கூரை மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நான் ஒரு தோட்டத்துக் கோயில் கமிட்டியின் செயலாளர். எங்கள் அன்னதான மண்டபத்துக்குப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அங்கங்கே ஒழுகியது. ஆடித் திருவிழாவுக்கு முன் மாற்றிவிடலாம் என்று ஒரு கொந்தராக்டரைப் பிடித்தோம். பேச்சு தேன். "அண்ணே, சேஃப்டி விஷயத்துல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்றார். கொட்டேஷனிலும் அது இருந்தது: சாரம் கட்ட 3,800 ரிங்கிட், விழாமல் தாங்கும் பாதுகாப்பு வார், தலைக்கவசம் வகையறாவுக்கு 1,200 ரிங்கிட். கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபியின் பதிவுச் சான்றிதழ் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். குறைந்த விலைக்குச் செய்கிறேன் என்று இரண்டு பேர் வந்தும், இவருக்குத்தான் வேலையைக் கொடுத்தோம்.

வேலை தொடங்கிய அன்று சாரம் வரவில்லை. கேட்டதற்கு, "லாரி ஈப்போவிலிருந்து வருது அண்ணே" என்றார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்: அழகான சாரம், வார் மாட்டிய ஆட்கள். பின்னால் மூன்று மாடிக் கடை வீடு தெரிகிறது. எங்கள் மண்டபத்தைச் சுற்றி எண்ணெய்ப்பனையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. மறுநாள் காலையிலேயே தலைவர் போன் போட்டு, சாரம் வரும்வரை யாரும் மேலே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். சரி என்றார். நாங்கள் வேலைக்குப் போன பிறகு ஆளை ஏற்றியிருக்கிறார்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆள் பாரம் தாங்காது. மேலே பாசி படிந்து, பார்ப்பதற்குக் கல் மாதிரி இருக்கும், மிதித்தால் உடையும். பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும், கீழே வலையோ மேடையோ இருக்க வேண்டும். அவர் ஏற்றிய வங்காளதேசப் பையன் ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு வெறும் தகட்டில் நடந்திருக்கிறான். தகடு உடைந்து உள்ளே விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. அவனுடைய தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு வார் லாரிக்குள் பிளாஸ்டிக் பை கூடப் பிரிக்காமல், விலைச் சீட்டோடு கிடந்தது.

கழற்றிய தகடுகளையும் முழுசாக இறக்கவில்லை, சுத்தியலால் அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். நனைத்து, உடைக்காமல் இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டிய சாமான் அது. அதிலிருந்து பறக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் நோய் தெரியவே பல வருடம் ஆகும். அன்னதான அண்டாக்களின் மேல் மாவு கொட்டிய மாதிரி தூசி. உடைசலை எல்லாம் பனை வரிசைக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி முன்பணம் கேட்டபோது கொந்தராக்டர், "அவன் என் ஆள் இல்ல, சப்-கொந்தராக் ஆள்" என்றார். அதோடு போன் அடங்கிவிட்டது. பணத்தைக் கமிட்டிதான் கட்டியது. 2019 ஜனவரியிலிருந்தே வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் முதலாளி சொக்சோ (வேலை விபத்துக் காப்புச் சந்தா) கட்டியாக வேண்டும். இந்தப் பையனுக்கு ஒரு காசு கட்டவில்லை. கட்டுமான ஆட்களுக்குச் சிஐடிபி கொடுக்கும் கிரீன் கார்டும் இல்லை. சான்றிதழில் இருந்த நிறுவனமும் இவருடையது இல்லையாம், வேறொருவர் லைசென்ஸை வாடகைக்கு எடுத்திருக்கிறார். நம் ஊர் அலிபாபா வேலைதான்.

வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறையான ஜேகேகேபியின் அதிகாரிகள் வந்து முதலில் கேட்டது, "வேலை கொடுத்தது யார்?" என்பது. கொந்தராக்டரைப் பற்றி அப்புறம்தான் கேட்டார்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபாரமோ வேறு காரியமோ நடத்துகிறவர் அதற்காகக் கொந்தராக் கொடுத்தால், தம் சொற்படி வேலை செய்யும் கொந்தராக்டர், சப்-கொந்தராக்டர், அவர்களுடைய ஆட்கள் எல்லாருடைய பாதுகாப்புக்கும் முடிந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று 18ஏ பிரிவு சொல்கிறது. மீறினால் 500,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கட்டுமானத்துக்கென்று 2017-இல் ஜேகேகேபி வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: பாதுகாப்பாகச் செய்யத் தேவையான பணத்தையும் நேரத்தையும் ஒதுக்குவது, கட்டடத்தில் இருக்கும் ஆபத்தை முன்கூட்டியே தெரிவிப்பது, இதெல்லாம் வேலை கொடுப்பவர் கடமை. பணம் நாங்கள் ஒதுக்கினோம். அதை அந்த ஆள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், அதுதான் வயிற்றெரிச்சல்.

இனி எங்கள் கமிட்டியில் சாரம், வார் இவற்றுக்கான பணம் முன்பணத்தில் சேராது. நின்று பார்த்த பிறகுதான் கொடுப்போம், படத்தைப் பார்த்து இல்லை. நிறுவனப் பெயரைச் சிஐடிபி இணையத்தளத்தில் தேடி, அதில் இருப்பவரும் நம்மிடம் கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே ஆளா என்று பார்ப்போம். கூரையில் ஏறும் ஒவ்வொருவரின் கிரீன் கார்டு, சொக்சோ எண் முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

போலீஸ் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த ஆள் இப்போது பக்கத்துத் தோட்டத்து மண்டபத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறாராம். அதிலும் சாரத்துக்கு 3,800 ரிங்கிட்தான் போட்டிருக்கிறார் என்று அங்கிருக்கும் பொருளாளர் சொன்னார்.