ஐந்து நாள் வெளிநாட்டுப் பயணம்: ஒரே ஊரா, மூன்று ஊர்களா?

கைக்குழந்தை ஒன்று, நான்கு வயதில் ஒன்று, கையில் ஐந்து நாள் விடுப்பு. இப்படி ஒரு குடும்பம் திட்டம் போட உட்கார்ந்தால் முதல் பட்டியலில் மூன்று ஊர்களாவது இருக்கும். "இவ்வளவு செலவு செய்து போகிறோம், பக்கத்து ஊரையும் பார்த்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் அது நானாகத்தான் இருப்பேன்.

ஐந்து நாளில் முதலும் கடைசியும் விமான நிலையங்களுக்கே போய்விடும். மிஞ்சுவது மூன்று. ஊர் மாறினால் அதிலும் ஓட்டை விழும். பல விடுதிகளில் காலை 11 அல்லது 12 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். நடுவில் இருக்கும் அந்த நேரம்தான் குழந்தை மதியம் தூங்கும் நேரம். தூக்கம் கெட்ட குழந்தையோடு மாலையில் எந்த அரண்மனையைப் பார்த்தாலும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, பயணத்தில் குமட்டல் அதிகம் வருவது 2 முதல் 12 வயதுவரை. வளைந்து செல்லும் சாலையில் மூன்று மணி நேரம் காரில் போகத் துணிபவர்கள் மாற்றுத் துணியைப் பெட்டியின் அடியில் வைக்க வேண்டாம்.

ஊர் மாறுவதே எல்லோருக்கும் தவறு என்று சொல்லமாட்டேன். மதியத் தூக்கத்தை விட்டுவிட்ட பிள்ளைகள் என்றால் இரண்டு ஊர்வரை தாங்கும், அதுவும் ஒரு ஊரில் இறங்கி மற்றொன்றிலிருந்து திரும்புவதுபோல டிக்கெட் எடுத்தால். சின்னக் குழந்தைகளுக்கு என் ஓட்டு ஒரே ஊருக்குத்தான்.

அடுத்தது, எவ்வளவு தூரம்? விமான நேரத்தைவிட நேர வித்தியாசத்தைப் பார்ப்பதே சரி. உடலின் கடிகாரம் ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டுதான் சரியாகும். கிழக்கே போனால் இன்னும் மெதுவாக. ஆறு மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்குப் போனால், குழந்தை அந்த ஊர் இரவுக்குப் பழகும்போது நாம் திரும்பிக்கொண்டிருப்போம். அதுவரை அதிகாலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்து விளையாட ஆள் கேட்கும். நேர் தெற்கே அல்லது வடக்கே எட்டு மணி நேரம் பறந்தாலும் இந்தத் தொல்லை இல்லை.

இரவு விமானமா, பகல் விமானமா? விமானத்திலேயே தரும் குழந்தைத் தொட்டில் கிடைத்தால், கைக்குழந்தைக்கு இரவு நல்லது. ஆனால் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, பல விமானங்களில் 10, 11 கிலோவரைதான். விமானம் குலுங்கி இருக்கைப் பட்டை விளக்கு எரிந்தால், தூங்கும் குழந்தையைக் கையில் எடுத்துக்கொள்ளவும் சொல்வார்கள். நான்கு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்குப் பகலே மேல். நள்ளிரவுக்குப் பின் 2 மணிக்குக் கிளம்பும் விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அது இரவும் இல்லை, பகலும் இல்லை.

மடியா, தனி இருக்கையா என்பதில் பணமும் பாதுகாப்பும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டு வயதுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம். சர்வதேச விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவுக்கு வாங்குவார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமோ, குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையில் அமர்த்துவதே சரி என்கிறது. பயணத்தின் நடுவே இரண்டாவது பிறந்தநாள் வந்தால், திரும்பும்போது தனி டிக்கெட் தேவைப்படும். பாஸ்போர்ட்டை எடுத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள். அப்படியே அது காலாவதியாகும் தேதியையும். பல நாடுகள் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்கின்றன.

தங்குமிடத்தில் நான் அடுக்கக வீட்டின் பக்கம். சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் இருக்கட்டும், பெரிய வசதி படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள கதவு. விடுதியின் ஒற்றை அறையில் குழந்தை எட்டு மணிக்குத் தூங்கினால், பெரியவர்களும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டிருக்க வேண்டும். விமானம் நள்ளிரவில் இறங்கினால் மட்டும் முதல் இரவுக்கு விடுதி. அந்த நேரத்தில் தோளில் தூங்கும் குழந்தையோடு வீட்டுச் சாவி எங்கே என்று தேட முடியாது.