பண்ணை வீட்டுச் சமையலறை: பழைய பொருட்களில் எதற்கு இடம் கொடுக்கலாம்?

பண்ணை வீட்டுப் பாணியில் சமையலறையை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் சின்னப் பொருட்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். துருவேறிய தகர டப்பா, கண்ணாடி ஜாடி, கம்பிக் கூடை, வாசகம் எழுதிய பலகை என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகுதான். ஆனால் எல்லாம் கூடியதும் மேடையில் காய் நறுக்கக்கூட இடம் இருக்காது. துடைக்க வேண்டிய பொருட்கள் மட்டும் பெருகியிருக்கும். என் கட்சி வேறு. கையில் இருக்கும் பணமும் உழைப்பும் இரண்டு மூன்று பெரிய மரச்சாமான்களுக்குப் போகட்டும். அவை தினமும் வேலைக்கு உதவ வேண்டும்.

இதற்கு வரலாற்றிலும் நியாயம் இருக்கிறது. மேடையும் அலமாரிகளும் சுவரோடு சேர்த்துப் பொருத்தப்பட்ட சமையலறை அப்படியொன்றும் பழைய ஏற்பாடு அல்ல. 1926-இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறையைத்தான் அதன் முன்னோடியாகச் சொல்கிறார்கள். அதற்கு முன் மேசை, அலமாரி, கழுவும் தொட்டி எல்லாம் தனித்தனியாக நின்றன. வேண்டும்போது நகர்த்தலாம், ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். பண்ணை வீட்டுப் பாணியில் நாம் ரசிப்பது அந்தத் தனித்து நிற்கும் தன்மையைத்தான். ஒன்றுக்கொன்று ஜோடி சேர வேண்டிய கட்டாயம் இல்லாததால் பழைய சாமான்கள் இங்கே இயல்பாக ஒட்டிக்கொள்கின்றன.

நடுவில் நிற்கப்போவது எது?

சமையலறையின் நடுவே ஒரு வேலை மேசை வேண்டும் என்றால் பழைய சாமான்களில் மூன்று போட்டிக்கு வருகின்றன: சாப்பாட்டு மேசை, தச்சர் மேசை, இழுப்பறைப் பெட்டி. மூன்றில் எதை வாங்கும் முன்பும் அளவு நாடாவைக் கையில் எடுக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையின் உயரம் பொதுவாக 75 செ.மீ. சமையல் மேடையோ ஏறக்குறைய 90 செ.மீ. இந்த 15 செ.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, முதுகுக்குத் தெரியும். நின்றுகொண்டு நறுக்குவதற்கு, மடக்கிய முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே பலகை இருப்பதுதான் வசதி. ஆகவே காலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்தோ, பிரேக் உள்ள சக்கரம் பொருத்தியோ பலரும் மேசையை உயர்த்துகிறார்கள். சக்கரம் வைத்த மேசை சற்று ஆடும் என்பதால் எனக்குக் கட்டைதான் பிடிக்கும். ஒரு விஷயம் மட்டும்: மாவு பிசையவும் தேய்க்கவும் தாழ்வான மேசைதான் நல்லது, உடல் பாரத்தைக் கையில் இறக்க முடியும். வீட்டில் அந்த வேலை அதிகம் என்றால் மேசையை அப்படியே விட்டுவிடலாம். நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் ஆயவும் குழந்தைகள் பக்கத்தில் இருந்து எழுதவும் இதைப்போல் வேறொன்று வராது.

தச்சர் மேசைக்கு வேறு குணம். அதன் பலகை தடிமனானது, காய்ந்து இறுகியது. எவ்வளவு அடித்தாலும் அசையாது. உளி பட்ட தழும்புகளும் பக்கத்தில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் மரப்பிடியும் சேர்ந்து தோற்றத்தில் மற்ற இரண்டையும் தோற்கடித்துவிடும். சிக்கல் அதே தழும்புகளில்தான் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்தப் பலகை குடித்த எண்ணெய், பசை, சாயம் என்னென்ன என்று யாருக்கும் தெரியாது. இழைப்புளி போட்டு மேல்தோலை எடுத்தாலும் ஆழத்தில் ஊறியது போகாது. உணவை நேராக அதன்மேல் வைக்காமல், மேலே தனியாக ஒரு வெட்டுப்பலகை போட்டுக்கொள்வதுதான் முறை. எடையும் சாமானியமல்ல: வாசல் வழியாக நுழையுமா, தளம் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.

இழுப்பறைப் பெட்டிதான் பலரும் கவனிக்காமல் விடுவது. படுக்கையறையில் துணி வைத்திருந்த பெட்டி என்பதால் சமையலறைக்கு யாருக்கும் நினைப்பு வருவதில்லை. ஆனால் கரண்டி, துண்டு, மசாலா டப்பா, பாத்திர மூடி என்று சமையலறையில் அலைபாயும் அத்தனையும் இழுப்பறைக்குள் அடங்கிவிடும். மேலே ஒரு கனமான மரப்பலகையையோ கல்லையோ போட்டால் உயரமும் சரியாகிவிடும், வேலை செய்யும் பரப்பும் கிடைத்துவிடும். குறை என்றால், கால் நுழைய இடமில்லாததால் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது; முதுகுப்பக்கம் பெரும்பாலும் கரடுமுரடாக இருப்பதால் அறை நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு பலகை அடிக்க வேண்டியிருக்கும்.

வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஓர் இழுப்பறையை முழுதாக வெளியே உருவி, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மூலையில் முன்பலகையும் பக்கப்பலகையும் விசிறிபோல விரிந்த பற்களால் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் அது டவ்டெயில் இணைப்பு. பற்கள் ஒரே சீராக இருந்தால் இயந்திர வேலை. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பெரும்பாலும் கை வேலை. இரண்டும் உறுதியே. அதற்குப் பதில் ஸ்டேபிள் கம்பியும் பசையும் மட்டும் தெரிந்து, ஓரத்தில் மரத்தூள் அழுத்திய பார்ட்டிகிள் போர்டு தலைகாட்டினால் விட்டுவிடலாம். சமையலறை ஈரத்தில் அது ஊதிப் பெருத்து உதிர்ந்துவிடும். உட்புறத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். துளை இருந்தாலே பூச்சி உள்ளே இருக்கிறது என்று பொருள் அல்ல, எப்போதோ வெளியேறியிருக்கலாம். பெட்டியைத் தட்டும்போது வெளிறிய புதுத்தூள் கொட்டினால்தான் உளுத்தல் இன்னும் நடக்கிறது. இழுப்பறை சிக்கிச் சிக்கி வந்தால் கவலை வேண்டாம், ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் சரியாகிவிடும்.

இடம் குறைந்த சமையலறைக்கு இழுப்பறைப் பெட்டி, தாராளமான சமையலறைக்குச் சாப்பாட்டு மேசை. தச்சர் மேசையை எடுத்த எடுப்பில் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். எதைத் தேர்ந்தாலும் சுற்றிலும் நடக்க இடம் வேண்டும். ஒருவர் சமைக்க 107 செ.மீ., இருவர் என்றால் 122 செ.மீ. என்பது சமையலறை வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் கணக்கு. அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் நடுமேசை ஆசையையே விட்டுவிட்டு, அதைச் சுவரோரம் சேர்த்துப் போடுவது மேல்.

திறந்த தட்டா, கதவு வைத்த அலமாரியா?

படங்களில் வெல்வது திறந்த தட்டு. பழைய பலகை, இரண்டு இரும்புத் தாங்கிகள், மேலே வெள்ளைப் பீங்கான் வரிசை. செலவு குறைவு, அறையும் விசாலமாகத் தெரியும். ஆனால் அடுப்பிலிருந்து எழும் எண்ணெய்ப் புகை எங்கே போய்ப் படியும் என்று யோசியுங்கள். தினமும் எடுத்துக் கழுவும் தட்டும் கோப்பையும் தப்பித்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாத்திரத்தின்மேல் பிசுக்கும் தூசியும் சேர்ந்து தோல்போலப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் நான் பழைய அலமாரியின் பக்கம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புழக்கத்தில் இருந்த ஹூசியர் அலமாரியைப் பாருங்கள்: மாவுத் தொட்டி, அதன் அடியிலேயே சல்லடை, வெளியே இழுக்கும் வேலைப் பலகை, மசாலா டப்பாக்களுக்குத் தனி இடம் என்று ஒரு சமையலறையே அதற்குள் இருந்தது. அப்படி ஒன்று கிடைக்காவிட்டாலும், கண்ணாடிக் கதவு வைத்த பழைய புத்தக அலமாரி போதும். கண்ணாடி உடைந்திருந்தால் கோழி வலையோ துணித் திரையோ போடலாம், அதுவும் இந்தப் பாணிக்கு உரியதுதான். உயரமான அலமாரியைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்காமல் விடாதீர்கள். குழந்தை கதவைப் பிடித்துத் தொங்கினால் முன்பக்கம் சாய்ந்துவிடும்.

திறந்த தட்டு ஒன்றே ஒன்று, கழுவும் தொட்டிக்கு அருகில், அன்றாடப் பாத்திரங்களுக்கு என்று வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்தத் தட்டுக்குப் பலகை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் போட்டி உண்டு. சரக்கு ஏற்றும் பேலட் பலகை இலவசமாகவே கிடைக்கும். இடித்த கட்டடத்தின் மரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். பேலட்டில் முத்திரையைத் தேடுங்கள். 2002-இல் வந்த ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி, நாடு விட்டு நாடு செல்லும் சரக்கைப் பொதியும் மரத்தில் பூச்சி ஒழித்ததற்கான முத்திரை இருக்க வேண்டும். ‘எச்டி’ (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது. ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையிட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ‘எச்டி’ முத்திரை இருந்தாலும் அந்தப் பேலட் மேல் எந்தச் சரக்கு சிந்தியது என்பது முத்திரையில் இல்லை. எனவே சமையலறைக்குள் வைரம் பாய்ந்த கட்டட மரத்துக்கே என் ஓட்டு, ஆணிகளைப் பிடுங்கும் சிரமம் இருந்தாலும்.

கழுவும் தொட்டி

முன்பக்கம் மறைப்பில்லாமல் தெரியும் ஆழமான தொட்டிதான் இந்தப் பாணியின் அடையாளம். பழையதாக வாங்கினால் எனாமல் பூசிய வார்ப்பிரும்பு, அல்லது உயர் வெப்பத்தில் சுட்ட களிமண் வகையான ஃபயர்கிளே. வார்ப்பிரும்பில் எனாமல் பெயர்ந்த இடத்தில் துருப்பிடிக்கும், ஆனால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். ஃபயர்கிளேயில் கறை எளிதில் ஏறாது. ஆனால் விரிசல் விட்டால் முடிந்தது. வாங்குமுன் விரல் மடக்கி ஃபயர்கிளேயின் பக்கச் சுவரைத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நலம், மந்தமாக ஒலித்தால் எங்கோ பிளவு இருக்கிறது. ஃபயர்கிளே சூளையில் சுருங்குவதால் ஒரே மாதிரித் தொட்டிகள்கூட அளவில் சற்று மாறும். கையில் தொட்டி வந்த பிறகே மேடையை வெட்டச் சொல்ல வேண்டும். வடிகால் துளையையும் அளந்துகொள்ளுங்கள். இன்றைய வடிகட்டிகள் 90 மி.மீ. துளைக்கானவை, பழைய தொட்டிகளில் துளை சிறியதாக இருக்கலாம்.

பழைய தொட்டியின் கனத்தைத் தாங்குவதற்கு உறுதியான அடிச்சட்டம் அடிக்க ஆள் இல்லை என்றால், இந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்குவதே சரி.

பழைய பெயின்ட்: சுரண்டுவதா, மூடுவதா?

உரிந்து தொங்கும் பெயின்ட் பலருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஆனால் சமையலறையில் அல்ல. அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றிலும் கையிலும் கலந்து, கடைசியில் சாப்பாட்டுக்கே வந்துவிடும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். முதலில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். இருந்து, பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் மேலே பிரைமரும் புதுப் பூச்சும் போட்டு மூடலாம். உரிகிற நிலையில் இருந்தால், அதுவும் உணவு படும் மேசை என்றால், வேறு சாமானைத் தேடுங்கள்.

வெறும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் அருமையான பூச்சு. அதைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காய விட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. எனாமல் பாத்திரம் உள்பக்கம் பெயராமல் இருந்தால் சமையலுக்கு, பெயர்ந்திருந்தால் செடி வைக்க. துத்தநாகம் பூசிய வாளியில் புளிப்பான எதையும் ஊற்றி வைக்காமல் வெங்காயம், உருளைக்கிழங்கைத் தனித்தனி வாளியில் போடலாம். பழைய விளக்கில் கூண்டு மட்டும் பழையதாக இருக்கட்டும். வயரையும் ஹோல்டரையும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் புதிதாக மாற்றிய பிறகே மாட்டுங்கள்.