சில்வண்டுப் படை வருகிறது: வலையா, மருந்தா?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 17 வருடத்துக்கு ஒருமுறை மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் சில்வண்டுகளில் பத்தாம் கூட்டம் (வெளிவரும் வருடத்தை வைத்து எண் போட்டுப் பிரித்தவற்றில் ஒன்று) 2004, 2021 என்று வந்தது, அடுத்தது 2038. வருடம் தெரியும், வாரத்தைத்தான் பிடிக்க வேண்டும்: 20 செ.மீ. ஆழத்தில் மண் சுமார் 18 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அப்புறம் ஒரு மழையும் பெய்துவிட்டால் பெரும்பாலும் பொழுது சாய்ந்ததும் வெளியே வர ஆரம்பித்துவிடும்.

சரி, இளம் ஆப்பிள் கன்றுகளை எப்படிக் காப்பது?

மருந்தடிப்பது சுலபம்தான். ஆனால் இன்று செத்ததன் இடத்துக்கு நாளை பக்கத்துக் காட்டிலிருந்து வேறு வண்டுகள் வந்து உட்காரும், மறுபடி மறுபடி அடித்தால் தேனீக்கும் சேர்த்துத்தான் கேடு.

என் ஓட்டு வலைக்கு. பெண் வண்டு பென்சில் தடிமன் கிளையை வரிசையாகக் கீறி முட்டை வைக்கும், அந்த நுனி பழுப்பாகி முறிந்து தொங்கும், 1 செ.மீ.க்கும் சிறிய கண்ணுள்ள வலையை மூடி, அடிமரத்தோடு இறுக்கிக் கட்டினால் இது நடக்காது. கட்டாமல் விட்டால் கீழே இருந்து ஏறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கணக்கில் மரம் வைத்திருப்பவர்களுக்கு வலை கட்டுப்படியாகாது, அவர்கள் மருந்துக்குப் போவது நியாயமே. வளர்ந்த பெரிய மரத்துக்கு இரண்டும் தேவையில்லை.