கல்லடிப் பாலத்திலிருந்து கல்முனை வரை: பத்து மாதமாகக் காரில் கேட்ட இசை

தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபின், ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினேன். மட்டக்களப்பு புளியந்தீவில் வீடு, கல்முனையில் வேலை. பத்து மாதத்தில் 18,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. எரிபொருள் கணக்கைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அந்தக் காருக்குள் கேட்ட பாட்டைப் பற்றி.

முதல் நாளே வானொலி ஏமாற்றியது. ஜப்பான் வானொலிப் பெட்டியில் எஃப்.எம். அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 95இல் நின்றுவிடுகிறது. நமக்கோ 108 வரை நிலையங்கள் இருக்கின்றன. விற்றவர் இதைச் சொல்லவேயில்லை. அன்டெனா வயருக்கும் வானொலிக்கும் நடுவே பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறிய பெட்டியைப் பூட்டியபின் நிலையங்கள் வந்தன. ஆனால் திரையில் தெரியும் எண் வேறு, நிலையத்தின் எண் வேறு. ஒரு மாதத்தில் யூ.எஸ்.பி.க்கு மாறிவிட்டேன்.

அப்போதுதான் தேர்வு தொடங்கியது. கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்து போகும்போது என்ஜின் ஓய்ந்து மின்மோட்டார் மட்டும் ஓடும். அந்த அமைதியில் தம்பூராவின் சுருதிகூடத் தெளிவாகக் கேட்கிறது. வீணைக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை. ஆரையம்பதி தாண்டி, கிரான்குளம், குருக்கள்மடம் என்று வேகம் கூடியதும் சக்கர இரைச்சல் எழும். ஆலாபனையின் மெல்லிய இடங்கள் அதில் மூழ்கிவிடும். சத்தத்தைக் கூட்டினால் அடுத்து வரும் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் காதில் அறையும். ஓட்டும்போது கை அந்தத் திருகிலேயே கிடப்பது ஆபத்து. ஏறக்குறைய ஒரே வலுவில் நிற்கும் நாதஸ்வரமும் தவிலும்தான் இந்தத் துண்டுக்குப் பொருந்தின.

காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள் நிற்கும் பிரதான வீதியில் புதிய பாட்டு எதையும் போடுவதில்லை. முதன்முறை கேட்கும் பாட்டின் சொற்களைக் காது துரத்தும். அதற்குள் ஒரு முச்சக்கர வண்டி குறுக்கே வந்துவிடும். பல தடவை கேட்டுப் பழகிய பாட்டுத்தான் அங்கே சரி. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொல்லும் நேரமென்றால் நிறுத்திவிடுவேன். கண்ணாடி தாண்டி வரும் அந்தக் குரலின்மேல் இன்னொரு குரலை ஏற்ற எனக்கு மனமில்லை.

நான் எதிர்பாராதது அம்மா கேட்க விரும்பிய பட்டியல். பெரிய மாமா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். கூத்தாடும் களரியில் அவர் மத்தளம் அடித்துப் பாடியதைப் பதிந்த நான்கு கேசட்டுகளை எம்.பி.3 ஆக்கினேன். வீட்டில் கேட்டால் நாடாவின் இரைச்சல் உறுத்தும். காரில் அந்த இரைச்சல் வீதிச் சத்தத்தோடு கரைந்து, மாமாவின் குரல் மட்டும் முன்னுக்கு வருகிறது. களுவாஞ்சிகுடி வரும்வரை அம்மா பிற்பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். பின் இருக்கையில் மகள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூத்தின் இரு வகைகளான தென்மோடிக்கும் வடமோடிக்கும் இடையிலும் ஒரு வேறுபாடு கண்டேன். இராகத்தை இழுத்துப் பாடும் தென்மோடி ஓட்டத்துக்கு இதமானது. ஆட்டம் மிகுந்த வடமோடியில் தாளம் ஏற ஏற என் காலும் ஆக்ஸிலரேட்டரில் இறங்குகிறது. 70இல் நிற்க வேண்டிய முள் 80ஐத் தொட்டதை இரண்டு முறை பார்த்தேன். வடமோடியை இப்போது திரும்பி வந்து, வாசலில் காரை நிறுத்தியபின் கேட்கிறேன்.

கோப்புறைகளுக்குப் பாட்டுக்காரர் பெயர் வைக்கவில்லை. 'பாலம்', 'கடைத்தெரு', 'வெளி', 'அம்மா' என்று வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், கண் வீதியை விட்டு விலகாது.

கொழும்புப் பயணத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையே இரவில் யானைகள் வீதியைக் கடக்கும். அங்கே பாட்டை முழுவதும் நிறுத்தி, கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டு, கிளை முறியும் ஓசை வருகிறதா என்று கேட்டபடி மெதுவாக ஓட்டுகிறேன்.