மெக்சிகோ நகரமா, வஹாக்காவா?

மடிக்கணினியுடன் ஊர் ஊராகத் தங்கிப் பணிபுரிபவர்கள் மெக்சிகோவில் தலைநகரத்தைத் தேர்வதா, பேருந்தில் ஆறேழு மணி நேரத் தொலைவில் தெற்கேயுள்ள வஹாக்காவைத் தேர்வதா என்று தயங்குவதுண்டு. நேரக் கணக்கில் வேறுபாடில்லை. 2022இல் கோடைகால நேரமாற்றம் கைவிடப்பட்டதால், இரு நகரங்களும் ஆண்டு முழுவதும் இந்தியாவைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்தங்கியே இருக்கின்றன.

தலைநகரத்தின் ரோமா, கொண்டேசா பகுதிகளில் இணைய வசதியுள்ள காபிக் கடைகளுக்குக் குறைவில்லை. மெட்ரோ ரயிலில் 5 பேசோவுக்கு நகரின் மறுகோடியை அடைந்துவிடலாம். ஆயினும், வெளிநாட்டினர் வருகையால் வாடகை உயர்ந்து உள்ளூர் மக்கள் வெளியேற நேர்வதை எதிர்த்து 2025 ஜூலையில் அப்பகுதிகளிலேயே ஊர்வலம் நடந்ததை, அங்கு வீடு தேடுபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம் என்பதால், முதல் சில நாட்கள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கக்கூடும்.

நாள் முழுவதும் காணொளிக் கூட்டங்களில் இருக்கத் தேவையில்லாதவருக்கு நான் வஹாக்காவையே பரிந்துரைப்பேன். மைய நகரத்தை நடந்தே சுற்றலாம். சந்தையில் மோலே குழம்பு கிடைக்கும் (மிளகாயை வறுத்து அரைக்கும் பக்குவம் நமக்குப் புதிதன்று). சபோட்டெக் பழங்குடி மக்கள் எழுப்பிய பண்டைய நகரமான மான்டே அல்பான் அருகிலேயே உள்ளது. தண்ணீர்த் தட்டுப்பாடுதான் பெருங்குறை. முன்பணம் கொடுப்பதற்குமுன் வீட்டின் தொட்டி எவ்வளவு பெரியது, லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்று கேட்டுக்கொள்வது நல்லது.